மாமையும் மாநிறமும்

மேனி வெளுத்த ஒருவரைக் கண்டால் "நல்ல சிவப்பு" என்று சொல்வது நம்மவர் வழக்கம். டில்லியில் நம் அண்டை வீட்டார் அதே ஆளைக் "கோரா" என்பர். உள்ளபடியே பார்த்தால் அவர் சிவப்புமல்லர், பாலின் வெண்மையுமல்லர். ஆயினும் இரு மொழியாரும் தத்தம் சொல்லால் ஒரே ஆளை உயர்த்திப் பேசுகிறோம். நிறம் ஒருபடி குறைந்தால் நம்மவர் "மாநிறம்" என்பர். தென்பாண்டி நாட்டில் அதனைப் "புதுநிறம்" என்று நயமாகச் சொல்வோரும் உண்டு. மண விளம்பரங்களிலோ "கோதுமை நிறம்" என்று ஒன்று புகுந்திருக்கிறது. மூன்று வேளையும் அரிசிச் சோறு உண்டு வளர்ந்த தமிழ்ப் பெண்ணுக்குக் கோதுமையின் நிறம் எங்கிருந்து வந்ததோ, நாம் அறியோம்!

சொல்லைப் பற்றிய வேடிக்கைக்காக இதனை எழுத முற்படவில்லை. ஓர் ஆடவனுக்குப் பெண்ணின் உருவமும், ஒரு பெண்ணுக்கு ஆடவனின் உருவமும் இனிக்கின்றனவே, அவ்வினிமை பிறவியிலேயே கண்ணில் எழுதப்பட்டதா, வளர்ந்த இடம் கற்றுத் தந்ததா என்பதே நம் கேள்வி. ஊர் விட்டு ஊர் வந்து குடியேறிய நம்மைப் போன்றோருக்கு இது வெறும் தத்துவ விசாரம் அன்று. நம் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் இரண்டு ஊரின் தராசிலும் நிறுக்கப்படுகிறார்கள். ரயில்வே காரியாலயத்தில் கோப்புகளோடு பொழுதைப் போக்கும் நமக்குப் பள்ளிப் படிப்பு பத்தாம் வகுப்போடு முடிந்தது. பிறகு படித்ததெல்லாம் நூலகங்களின் தயவு. அப்படிப் படித்ததையும் கண்ணால் கண்டதையும் சேர்த்து நேயர்கள் முன் வைக்கிறோம்.

சங்க நூல்களைப் புரட்டுவோருக்கு முதலில் வியப்பளிப்பது "மாமை" என்னும் சொல். தலைவியின் மேனியழகுக்கு அப்புலவர்கள் இட்ட பெயர் அது. மாந்தளிர் விரியும்போது கருமையும் செம்மையும் கலந்து ஒளிருமே, அந்த நிறத்துக்கு அதனை ஒப்பிட்டார்கள். தலைவன் பிரிந்து போனால் அவள் மேனியில் "பசலை" படரும். மாமை மறைந்து மேனி வெளிறிப் போவதே பசலை. வெளிறுதல் அழகு அன்று, அழகைத் தின்னும் நோய் என்று அக்காலத்தார் எண்ணினார்கள். வெள்ளிவீதியார் என்னும் பெண்பாற் புலவர் குறுந்தொகையில் இத்துயரைப் பாடியிருக்கிறார்.

திருக்குறளின் காமத்துப்பாலில் இதற்கென ஓர் அதிகாரமே இருக்கிறது. 119ஆம் அதிகாரமாகிய "பசப்புறு பருவரல்" முழுவதும் மேனி வெளிறுவதைப் பற்றிய புலம்பல்தான். இன்னும் சற்றுத் தள்ளிப் போனால் 124ஆம் அதிகாரம் "உறுப்புநலன் அழிதல்". தோள் மெலிந்தது, வளை கழன்றது என்று தலைவி வருந்துகிறாள். இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தபோது நாம் சிறிது நேரம் புத்தகத்தை மூடி வைத்து யோசித்தோம். வெளுப்பதும் மெலிவதும் அந்தப் பெண்ணுக்கு இழப்பு. இன்று நம் வீட்டுப் பெண் வெளுக்கவும் மெலியவும் அல்லவா பணம் செலவிடுகிறாள்! வள்ளுவர் காலத்துத் தோழி இக்காலத்து அழகு நிலையத்துக்குள் நுழைந்தால், அங்குள்ளோர் அனைவரும் காதலரைப் பிரிந்து வாடுகிறார்கள் போலும் என்று எண்ணி இரங்கியிருப்பாள்.

தோளைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். பெண்ணின் தோளை மூங்கிலுக்கு ஒப்பிட்டு "வேய்த்தோள்" என்றும், பருத்திருப்பதைப் புகழ்ந்து "பணைத்தோள்" என்றும் பாடினார்கள். திரண்ட தோள் அன்று பெண்மையின் அடையாளம். மேனியில் தேமல் போலப் படரும் சுணங்கை வேங்கைப் பூவின் தாதுக்கு ஒப்பிட்டு மகிழ்ந்தார்கள். இன்று அதே தேமலைக் கண்டால் தோல் மருத்துவரிடம் ஓடுகிறோம். ஆடவனுக்கோ மார்பே சிறப்பு. பழந்தமிழில் "அகலம்" என்ற சொல்லுக்கே மார்பு என்றும் பொருள் உண்டு. தலைவி தலை சாய்த்துத் துயிலும் இடம் அது. அவனுடைய நிறத்தைப் பற்றி எவரும் அவ்வளவாகக் கவலைப்படவில்லை.

பழம்பெருமை பேசுவதில் ஓர் அபாயம் உண்டு. வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு வேண்டாததை விட்டுவிடுவோம். ஆகவே மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறோம். பொன்மேனியைப் புகழ்வதும் தமிழில் பழையதே. கம்பன் கண்ட இராமன் கருநிறத்தான். மிதிலை வீதியில் பெண்கள் கண்டு மயங்கிய உருவம் அது. ஆனால் சீதையைப் பொன்னுக்கும் மின்னலுக்கும் ஒப்பிட்டான். கறுத்த நாயகனும் பொன்னிற நாயகியும் நேற்றைய சினிமாவில் பிறந்தவர்கள் அல்லர் என்பது இதனால் விளங்கும். அவ்வாறே வட மொழியிலும் எல்லாம் வெண்மைப் பாட்டு அன்று. பாரத நாடெங்கிலுமிருந்து அரசர்கள் சுயம்வரத்துக்குத் திரண்டு வந்தது கிருஷ்ணை என்று பெயர் பெற்ற பெண்ணுக்காக. கருநிறத்தாள் என்பதே அப்பெயரின் பொருள். திரௌபதி என்பது தந்தை பெயரால் வந்தது.

பிறகு எப்படி மாறிற்று? வெள்ளைக்காரன் வந்து மாற்றினான் என்று ஒரே வரியில் முடித்துவிடுவோர் உண்டு. அவன் ஆட்சிக்கு இதில் பங்கு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவன் வருமுன்னரே வெயிலில் உழுதவனுக்கும் நிழலில் இருந்து கணக்கெழுதியவனுக்கும் நடுவே மேனி நிறம் ஒரு வேலியாக நின்றது. கறுப்பு உழைப்பின் நிறமாயிற்று. உழைப்பைத் தாழ்வாக எண்ணிய சமூகம் அந்த நிறத்தையும் தாழ்வாக எண்ணிற்று. சாதியின் கணக்கும் அதனோடு ஒட்டிக்கொண்டது. "கறுப்பே அழகு, காந்தலே ருசி" என்னும் பழமொழி நம்மிடம் இருக்கிறதே என்பீர்கள். அதனை யார், எப்போது சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். கறுத்த பெண்ணைத் தேற்றவே பெரும்பாலும் அது பயன்படுகிறது. சிவந்த பெண்ணைத் தேற்ற எந்தப் பழமொழியும் தேவைப்படவில்லை.

1975ஆம் ஆண்டு இந்துஸ்தான் லீவர் கம்பெனியார் "ஃபேர் அண்ட் லவ்லி" பசையைக் கடைக்குக் கொண்டு வந்தார்கள். கறுத்த பெண்ணுக்கு வேலையும் வரனும் கிட்டாமல் இருந்து, பசை பூசியதும் இரண்டும் கிட்டுவதாக விளம்பரங்கள் காட்டின. 2005இல் எமாமி கம்பெனியார் ஆண்களுக்கென்றே "ஃபேர் அண்ட் ஹேண்ட்சம்" என்று ஒன்றை இறக்கினார்கள். கறுத்த மேனியரைத் தாழ்ந்தவராகக் காட்டலாகாது என்று இந்திய விளம்பரத் தரக் குழு 2014இல் விதி வகுத்தது. 2020இல் பழைய பசையின் பெயரிலிருந்து வெண்மையைக் குறிக்கும் சொல் நீங்கி "க்ளோ அண்ட் லவ்லி" ஆயிற்று. பெயர் மாறியதே பெரிய செய்தியாயிற்று. ட்யூபு கடையில் அதே அலமாரியில்தான் இருக்கிறது.

ஆண்மகனின் உருவம் இதைவிட வேகமாக மாறியிருக்கிறது. டில்லி தேசிய அருங்காட்சியகத்தில் திருவரங்குளத்திலிருந்து வந்த சோழர் கால நடராஜர் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையில் குழந்தைகளோடு போய்ப் பாருங்கள். அகன்ற தோள், குறுகிய இடை, மூச்சு நிறைந்தாற்போன்ற வழவழப்பான மேனி. ஊழித் தாண்டவம் ஆடும் கடவுளின் வயிற்றில் ஒரு தசைமுடிச்சும் கிடையாது! சோழச் சிற்பி தசையை வரிவரியாகப் பிரித்துக் காட்டவில்லை. பிற்காலத்தில் தியாகராஜ பாகவதர் திரையில் தோன்றியபோது தோள் வரை புரண்ட அவருடைய தலைமுடியைப் பார்த்து வாலிபர்கள் "பாகவதர் கிராப்" வைத்துக்கொண்டார்கள். 1944இல் வந்த ஹரிதாஸ் படம் சென்னையில் ஆண்டுக்கணக்கில் ஓடிற்று. அவ்வளவு நீண்ட முடியும் மென்மையான முகமும் இன்று ஒரு கதாநாயகனுக்கு இருந்தால் நம் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஏனெனில் 2007இல் "ஓம் சாந்தி ஓம்" படத்தில் ஷாருக் கானும், 2008இல் "வாரணம் ஆயிரம்" படத்தில் சூர்யாவும் வயிற்றில் ஆறு கட்டுத் தசையைக் காட்டிவிட்டார்கள். அதன்பின் "சிக்ஸ் பேக்" என்ற சொல் நம் ரயில்வே குடியிருப்பு வரை வந்து சேர்ந்தது. கான்டீனில் வடையைக் கண்டு முகத்தைத் திருப்பும் வாலிபர்களை இப்போது காண்கிறோம்.

கதாநாயகியின் உருவமும் அப்படியே. 1991இல் "சின்னத்தம்பி" வந்த காலத்தில் குஷ்புவின் பூசினாற்போன்ற உடலை வியந்து, மெத்தென்ற இட்டிலிக்கே அவர் பெயரை வைத்தார்கள். சில ஆண்டுகளுக்குள் கொடியிடையாரே வேண்டும் என்றாயிற்று. கண் அதே தமிழ்க் கண்தான், காண்பித்தவை மாறின. ஒன்று மட்டும் மாறவில்லை. ரஜினிகாந்த், விஜயகாந்த் முதலிய கறுத்த மேனியரைத் தமிழ் ரசிகர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள். அவர்களுக்கு ஜோடியாகக் கறுத்த பெண்ணை மட்டும் அரிதாகவே ஒப்புக்கொண்டார்கள். பம்பாயிலிருந்து வெளுத்த பெண்களை வரவழைத்துத் தமிழ் பேச வேறொருவரை வைத்துக் குரல் கொடுத்தார்கள். ஒரே திரையில், ஒரே பாட்டில், ஆணுக்கு ஓர் அளவுகோலும் பெண்ணுக்கு ஓர் அளவுகோலும்.

இனி நம் குடும்பங்களுக்கு வருவோம். கரோல்பாக்கில் குடியேறிய பழைய குடும்பம் ஒன்றில் மூத்தவர்கள் சொன்ன சங்கதி இது. ஊரிலிருந்து வந்த புதுப்பெண் வெள்ளிக்கிழமை மஞ்சள் தேய்த்துக் குளித்து, தலை நிறைய எண்ணெய் தடவிப் பின்னலிட்டு வாசலுக்கு வந்தாளாம். அடுத்த வீட்டுப் பஞ்சாபி அம்மாள் பதறிப்போய் "பீலியாவா?" என்று கேட்டாராம். மஞ்சள் காமாலையா என்பது பொருள். கேட்டவர் பொல்லாதவர் அல்லர். அன்று மாலையே காமாலைக்கு நல்லதென்று ஒரு செம்பு கரும்புச் சாறும் கொண்டு வந்து கொடுத்தார். தமிழ்நாட்டில் மங்கலமாகத் தோன்றிய அதே முகம் இங்கே நோயாளியின் முகமாகத் தோன்றிற்று. அந்தப் பெண் மறுவாரமே மஞ்சளை விட்டுவிட்டாளாம். ஆறு மாதம் கழித்து அவள் கணவரே "இப்போதுதான் முகம் நன்றாக இருக்கிறது" என்றாராம். அவருடைய கண்ணும் ஆறு மாதத்தில் டில்லிக் கண் ஆகிவிட்டது!

மீசை விஷயமும் இப்படியே. நம் ஊரில் மீசை அரும்பாத வாலிபனைக் கேலி செய்வார்கள். இந்தித் திரையிலோ திலீப் குமார், தேவ் ஆனந்த், ராஜேஷ் கன்னா என்று மழித்த முகங்களே நெடுங்காலம் பெண்களின் மனத்தைக் கவர்ந்தன. இங்கே கல்லூரியில் சேர்ந்த நம் பிள்ளை முதல் ஆண்டிலேயே மீசையை எடுத்துவிடுவான், விடுமுறைக்கு ஊர் போனால் பாட்டி "ஏண்டா, யாருக்கு என்ன ஆயிற்று?" என்று பதறுவாள்.

சிரித்துவிட்டுப் போகக்கூடியவை இவை. எல்லாம் அப்படி அல்ல. தமிழ் நடிகர் ஜெமினி கணேசனின் மகள் ரேகா 1970இல் "சாவன் பாதோன்" படத்தின் மூலம் இந்தித் திரைக்கு வந்தபோது, கறுப்பு என்றும் பருமன் என்றும் அவரை ஏளனம் செய்தார்கள். பத்தாண்டுக்குள் அதே பம்பாய் அவரை அழகின் இலக்கணம் என்றது. உடலை இளைக்க வைத்தார், ஒப்பனையைக் கற்றார் என்பது உண்மையே. ஆனால் எல்லாப் பெண்களும் அப்படிப் பத்தாண்டு போராடி ஒரு நகரத்தை ஜெயிக்க முடியுமா?

நாம் அறிந்த சிறுமி ஒருத்தி பள்ளியில் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தாள். பள்ளியில் "காலி" என்று கூப்பிட்டார்கள். கறுப்பி என்பது பொருள். அதனை அவள் பொருட்படுத்தவில்லை. வீட்டுக்கு வந்த உறவுக்கார மாமி ஒருவர், "வெயிலில் பந்தாடாதேடி அம்மா, இன்னும் கறுத்துப் போனால் உன் அப்பா பாடு திண்டாட்டம்" என்று வாஞ்சையோடு முகவாயைத் தொட்டுச் சொன்னார். மறுநாளிலிருந்து அவள் ஆடப் போகவில்லை. அந்நியர் ஏசியதைத் தாங்கியவள் நம்மவர் அன்பைத் தாங்கவில்லை. அவளுடைய தம்பி அப்போது பக்கத்தில் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தான். எத்தகைய பெண் தனக்கு ஏற்றவள் என்பதை அவன் எங்கே கற்றான் என்று இருபது ஆண்டு கழித்து யாராவது வியந்தால், அந்தப் பிற்பகலை நாம் நினைவூட்டலாம்.

கண் இடத்துக்குத் தக்கபடி மாறும் என்பதற்கு ஆராய்ச்சியும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் ஜூலு இனத்தார் சற்றுப் பருத்த பெண்ணுருவையே விரும்பினார்கள். அங்கே மெலிவு வறுமையையும் நோயையும் குறித்தது. பிரிட்டனில் வாழ்வோர் மெலிந்த உருவை விரும்பினார்கள். அண்மையில் ஜூலு நாட்டிலிருந்து பிரிட்டனுக்குக் குடியேறியவர்களைக் கேட்டபோது, அவர்களுடைய விருப்பம் இரண்டுக்கும் நடுவில் நின்றது. மார்ட்டின் டோவி என்பவரும் அவருடைய தோழர்களும் 2006இல் இதனை வெளியிட்டார்கள். கரோல்பாக்குக் கணவரின் கதை அவர்களுக்கு வியப்பளித்திராது.

பிஜித் தீவில் நடந்தது இன்னும் கவலைக்குரியது. உடல் திரண்டிருப்பதை மெச்சிய மக்கள் அவர்கள். அங்கே நட்ரோகா என்னும் பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1998இல் அவ்விடத்துப் பள்ளிச் சிறுமியரைக் கேட்டபோது 74 சதவீதத்தினர் தம் உடல் பருமனாக இருப்பதாகத் தோன்றுகிறது என்றார்கள். உண்டதை வலிய வாந்தி எடுத்து மெலிய முயல்வோரும் அவர்களுள் தோன்றியிருந்தார்கள். பல தலைமுறை கற்றதை மறக்க மூன்றே ஆண்டுகள் போதுமாயின.

"பிடித்ததும் பிடிக்காததும் அவரவர் மனசு, இதில் சங்கம் என்ன செய்யும், பத்திரிகை என்ன செய்யும்?" என்று கேட்போர் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். இவளை விரும்பு, இவனை விரும்பு என்று ஆணையிட எவராலும் ஆகாது. ஆணையால் வந்த விருப்பத்தில் யாருக்கும் சுகமும் இல்லை. நேரில் பார்த்து, பேசி, மனம் ஒப்பவில்லை என்று சொல்லும் உரிமை பிள்ளைக்கும் பெண்ணுக்கும் உண்டு. நாம் சொல்வது வேறு. கண் பார்க்குமுன்னரே காகிதம் பார்த்துக் கழித்துவிடுகிறதே, அதனைத்தான் சொல்கிறோம். நேரில் வந்தால் அவள் சிரிப்பில் ஒருவன் மயங்கக்கூடும். அவன் குரலில் ஒருத்தி மனம் இளகக்கூடும். "சிவந்த பெண் தேவை" என்ற வரி அந்த வாய்ப்பை முன்னதாகவே அழித்துவிடுகிறது. கணினி வழியே வரன் தேடித் தரும் ஷாதி டாட் காம் கம்பெனியார் நிறத்தைக் கொண்டு வடிகட்டும் ஏற்பாட்டை 2020 ஜூன் மாதத்தில் நீக்கினார்கள். பலர் கூடிக் கண்டித்த பிறகே நீக்கினார்கள் என்பதும் மெய்.

இப்போது நம் சங்கத்தின் கதைக்கு வருகிறோம். வரன் பதிவேட்டை ஒழுங்குபடுத்தும் பணி நம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. படிவத்தில் நட்சத்திரம், கோத்திரம், உயரம் ஆகியவற்றை அடுத்து "நிறம்" என்று ஒரு கட்டம் உண்டு. பெண்களின் படிவங்களில் அக்கட்டம் தவறாமல் நிரப்பப்பட்டிருக்கிறது. சிவப்பு, நல்ல சிவப்பு, மாநிறம், கோதுமை நிறம். "கறுப்பு" என்று ஒருவரும் எழுதவில்லை. ஆண்களின் படிவங்களில் பெரும்பாலும் அது வெறுமையாகவே கிடக்கிறது. அதற்குப் பதிலாக உயரத்தில் ஓர் அங்குலம் கூடுகிறதோ என்னவோ, நேரில் வந்த சில பிள்ளைகளைப் பார்த்து நாம் அப்படி ஐயுற்றதுண்டு. நெற்றி ஏறிய பிள்ளைகள் ஐந்தாண்டுக்கு முந்தைய படத்தை ஒட்டி அனுப்புகிறார்கள். அவர்களுடைய அச்சமும் பெண்களின் அச்சத்துக்குக் குறைந்ததன்று. சொல்லிக்கொள்ள வெட்கம், அவ்வளவே.

பழைய படிவங்கள் தீர்ந்துவிட்டன. புதிதாக அச்சடிக்கக் கொடுக்குமுன் "நிறம்" என்ற கட்டத்தை எடுத்துவிடலாம் என்று செயற்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டு வந்திருக்கிறோம். எதிர்ப்பும் உண்டு. கட்டம் இல்லாவிட்டால் தொலைபேசியில் கேட்கத்தானே போகிறார்கள் என்று பெரியவர் ஒருவர் சொன்னார். கேட்பவர் வாய் திறந்து கேட்கட்டும், சங்கம் ஏன் அவருக்காக அச்சடித்துக் கேட்க வேண்டும் என்பது நம் பதில். அடுத்த கூட்டம் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மாலை 4 மணிக்குச் சங்க மண்டபத்தில் கூடுகிறது. வர இயலாத அங்கத்தினர்கள் தம் அபிப்பிராயத்தை ஒரு தாளில் எழுதி அதற்கு முன் காரியதரிசியிடம் சேர்ப்பிக்கலாம். மணமாகாத பெண்களும் பிள்ளைகளும் தாமே எழுதினால் இன்னும் நலம். இதுவரை அவர்களை யாரும் கேட்டதில்லை.